பாட்டுக்கு நடுவே வந்த பேச்சு

சவப்பெட்டிக்குப் பின்னால் குனிந்து துழாவி, ஒலிபெருக்கியின் மின்கம்பியைப் பெர்னடெட் சுவரிலிருந்து பிடுங்கினாள். அதில் பாடிக்கொண்டிருந்த ரே டாலன் ஒரு நீண்ட 'ஓ'வின் பாதியிலேயே அடங்கினான். இறுதிச்சடங்கு நிலையத்தின் கூடத்தில் நின்றிருந்தவர்கள் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தங்கள் மரியாதையான முணுமுணுப்புக்குப் போனார்கள். லில்லிப் பூவின் மகரந்தம் அவளுடைய கறுப்பு உடையில் மஞ்சளாகத் தேய்ந்திருந்தது.

"ஏன் நிறுத்துனே?" என்றான் அவள் தம்பி க்ரெக். "அப்பாவுக்குப் பெருமையான விஷயம் இல்லையா?"

"இந்தப் பாட்டை அப்பா பதிவு பண்ணல. கலிஃபோர்னியாவுல எவனோ பண்ணினான். அப்பா உசிரோட இருந்தா அவரே எழுந்து வந்து பிடுங்கியிருப்பாரு."

க்ரெக் பெட்டியைப் பார்த்தான். தாடியஸ் க்ரோல், தொண்ணூற்று மூன்று வயது, விரல்களில் ஜெபமாலை சுற்றிப் படுத்திருந்தார். கழுத்திலிருந்த துளையை மறைப்பதற்காக நிலையத்துக்காரர்கள் சட்டைக் காலரைத் தாடைவரை ஏற்றி டை கட்டியிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை அவர் அதை யாருக்காகவும் மறைத்ததில்லை.

மரண அறிவிப்பை எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்தவன் க்ரெக்தான். அதே பத்திரிகையில் முப்பது வருடம் பிழை திருத்துகிறவளாக இருந்து ஓய்வு பெற்ற அக்காவிடம் அதைக் காட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. 'ரே டாலனைக் கண்டெடுத்தவர் மறைவு' என்பது தலைப்பு. உள்ளே இருந்தவை பிழைகள். தலைப்பைப் பிழை என்று சொல்ல முடியாது, அது பொய். கண்டெடுப்பதற்கு ரே ஒன்றும் தொலைந்துபோன பொருள் அல்ல. அப்போது அவன் பெயர் ரேமண்ட் டூடெக், பின்தெருவில் இருந்தான், எவ்வளவு விரட்டினாலும் தொலைய மாட்டேன் என்றான். அப்பா தானிய ஆலையில் மின்பணியாளர். பஃபலோ நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் இருந்த போல்கா நடன இசைக் குழுக்கள் அத்தனையும் சனிக்கிழமைகளில் அவருடைய நிலவறைக்கு வந்து பாடிப் பதிவு செய்துகொண்டு போயின. அந்தப் பெயர்களில் ஒன்றுகூட அறிவிப்பில் இல்லை.

தொண்டையில் வந்த புற்றுக்காக அவருடைய குரல்வளையை எடுத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கழுத்தில் வைத்து அழுத்தினால் கரகரவென்று பேசும் ஒரு கருவியை மருத்துவமனையில் கொடுத்தார்கள். ஒரே ஒரு நாள் வைத்துப் பார்த்தார். 'மாவரைக்கிற மெஷின் பேசுது' என்று எழுதிக் காட்டிவிட்டு அதை இழுப்பறையில் போட்டு மூடினார். அதன் பிறகு எழுதுபலகைதான். ஊரில் பாதிப் பேரின் குரலைப் பதிவு செய்தவர் தன் குரலைப் பதிவு செய்துகொண்டதில்லை. வீட்டு விழாக்களை எடுத்த படச்சுருள்களில் ஒலி கிடையாது. தொலைபேசியில் செய்தி சொல்லும் இயந்திரத்தில் இருந்ததும் அம்மாவின் குரல்.

அப்பாவின் குரல் மிச்சமிருந்த இடம் உலகத்திலேயே ஒன்றுதான்: ரேமண்ட் டூடெக் ஊரில் யாருக்கும் தெரியாதவனாக இருந்தபோது பாடிய நாடாக்கள். அதற்குக் காரணமும் இருந்தது. அந்தப் பழைய இயந்திரம் நிறுத்திக் கிளப்பினால் வேகம் பிடிக்க நேரமாகும். அதனால் அப்பா அதை ஓட விட்டுவிடுவார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நிலவறையின் ஓரத்தில் நிலக்கரி போட்டுவைக்கும் சின்ன அறையில் உட்கார்ந்தபடி ஒரு பொத்தானை அழுத்திப் பேசுவார். பாடுகிற அறையில் இருந்த சின்ன ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்கும். அதையும் மைக் வாங்கிக்கொள்ளும். இசைத்தட்டு அடிக்க அனுப்புவதற்கு முன் பேச்சையெல்லாம் பிளேடால் வெட்டி எடுத்து நாடாவைச் சுத்தம் செய்து கொடுப்பது வழக்கம். போல்காக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் வெட்டினார். வெட்டியது குப்பைக்குப் போனது. ரேமண்டின் பாட்டைத் தட்டாகப் போட யாரும் முன்வரவில்லை. அதனால் வெட்டவில்லை. அவன் அவ்வளவு மோசமாகப் பாடியதால்தான் அப்பாவின் குரல் தப்பியது. ரே டாலனுக்கு பெர்னடெட் நன்றி சொல்ல வேண்டியிருந்தால், அந்த ஒன்றுக்குத்தான் சொல்ல வேண்டும்.

உடலைப் பார்க்க வருகிறவர்களுக்கான பிற்பகல் பார்வை நேரம் முடியப்போகிற சமயத்தில் ரே வந்தான். தோல் கால்சட்டை, ஊதா நிறக் கண்ணாடி, பூட்ஸ் பாலிஷ் நிறத்தில் தலைமுடி. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய மனிதனின் இடுப்பு அவ்வளவு ஒல்லியாக இருப்பதில் ஏதோ அநியாயம் இருந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அப்பாவைப் பார்க்க வந்திருந்த அண்டை வீட்டுக்காரர்கள் கைப்பேசிகளை வெளியே எடுத்தார்கள். க்ரெக் ஓடிப்போய்க் கைகொடுத்தான். பழைய கார் விற்கிறவனுக்கு எந்தக் கையையும் சீக்கிரம் விட மனம் வராது.

பெட்டியின் முன்னாலிருந்த முழந்தாள் பலகையில் ரே மண்டியிட்டான். ஒரு ஜெபத்துக்குத் தேவையானதைவிட அதிக நேரம் அப்படியே இருந்தான். பக்தியால் அல்ல, எழ முடியாததால் என்பதைப் பெர்னடெட் அவன் முழங்காலைப் பார்த்தே கண்டுகொண்டாள். கூட வந்திருந்த இளைஞன், இசைத்தட்டு நிறுவனத்தைச் சேர்ந்த கோலின், அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

எழுந்தவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். கூட்டத்தைப் பார்த்தால் திரும்பாமல் இருக்க அவனால் முடியாது.

"எனக்குப் பதினேழு வயசு," என்றான். "மிஸ்டர் க்ரோல் என் தோள்ல கை வச்சு ஒண்ணு சொன்னாரு. 'பையா, உன்கிட்ட அது இருக்கு'ன்னாரு. அதை வச்சுத்தான் இத்தனை வருஷமும் ஓட்டினேன்."

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அத்தை, அப்பாவின் தங்கை, பக்கத்திலிருந்தவளிடம் திரும்பினாள். காது கேட்காததால் அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

"என்ன இருக்குன்னானாம்? மூக்குக்குள்ள சதை இருக்குன்னுதான் எங்கண்ணன் டெட் சொன்னான். போய் ஆபரேஷன் பண்ணிக்கோன்னான்."

இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில் இருமினார்கள். ரே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான்.

கோலின் பெர்னடெட்டைப் பூவளையங்களின் பக்கமாக ஓரங்கட்டினான். நாடாக்களை அவர்களுக்குக் கொடுப்பதாக ஏற்கெனவே பேச்சு முடிந்திருந்தது. புகழ் பெறுவதற்கு முந்தைய ரே டாலன் என்று ஒரு தொகுப்பு வெளியிடப்போகிறார்கள். அப்பாவிடம் முன்பு கேட்டபோது, பலகையில் 'அசிங்கம். விடு' என்று எழுதினார். அவர் இறந்த மறுநாளே க்ரெக் தொலைபேசியில் சம்மதம் சொல்லிவிட்டான். பெர்னடெட்டும் மறுக்கவில்லை. ரே பாடியது ரேயோடு போகட்டும். நடுவே வரும் அப்பாவின் பேச்சை மட்டும் ஒரு பிரதி எடுத்துத் தனக்குத் தர வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

"அது கண்டிப்பா உண்டு, மிஸ் க்ரோல்," என்றான் கோலின். "அதைவிட நல்ல செய்தி ஒண்ணு இருக்கு. முதல் பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க அப்பா குரல் வரணும்னு ரே ஆசைப்படுறாரு. 'பையா, உன்கிட்ட அது இருக்கு.' அவ்வளவுதான். கேட்கிறவங்களுக்குச் சிலிர்த்துடும்."

"டேப்புல அப்படி எதுவும் கிடையாது."

"இல்லாட்டிப் பரவால்ல. அவர் பேசினது ஒரு பத்து நிமிஷம் கிடைச்சாலே போதும். அதை வச்சு அவர் குரல்லயே எதை வேணும்னாலும் சொல்ல வச்சிடலாம். உங்களாலயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ரொம்ப மரியாதையாப் பண்ணுவோம்."

அவன் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. துக்க வீட்டில் பழக்கூடையை நீட்டுகிறவனின் முகம் அது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாடாக்களை எப்போது வாங்கிக்கொள்கிறான் என்று கேட்டாள். நாளை அடக்கம் முடிந்து எல்லாரும் சாப்பிடும்போது வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். சரி என்றாள்.

மாலைப் பார்வை நேரம் தொடங்கும்வரை நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள். அந்த இடைவெளியில் உறவினர்கள் க்ரெக்கின் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு பெர்னடெட் அப்பாவின் வீட்டுக்கு வந்தாள். செருப்பை மாற்றாமலேயே நிலவறைக்கு இறங்கினாள்.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் க்ரெக் புலம்புவான், கோலின் பழக்கூடையோடு வந்துகொண்டே இருப்பான், ரே தொலைக்காட்சியில் உட்கார்ந்து வருத்தப்படுவான். அவர்கள் கேட்டது பாட்டு. ஒரு சுரம் குறையாமல் பாட்டைக் கொடுத்துவிட்டால் போயிற்று.

இயந்திரத்தைப் போட்டாள். அதன் வால்வுக் குழல்கள் சூடேறக் காத்திருந்தாள். பள்ளம் வெட்டிய அலுமினியக் கட்டை, புது பிளேடு, ஒட்டு நாடா, ஒலி பதியாத வெள்ளை நாடா எல்லாம் அப்பா வைத்த இடத்திலேயே இருந்தன. வெட்டக் கற்றுக்கொடு என்று அவரிடம் அவள் கேட்டதில்லை. சிறுவயதில் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். பேச்சு தொடங்கும் இடத்தில் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு, முடியும் இடத்தில் ஒரு கோடு. சாய்வாக ஒரு வெட்டு. பாட்டின் பக்கத்தில் வெள்ளை நாடாத் துண்டை வைத்து ஒட்டினாள். வெட்டிய பேச்சை வேறொரு சின்னச் சுருளில் சேர்த்தாள். அப்பா குப்பையில் போட்டதை அவள் சுருளில் சேர்த்தாள். அது ஒன்றைத் தவிர எல்லாம் அவர் செய்த மாதிரியேதான்.

இரண்டாவது சுருளின் நடுவில் இருந்தபோது படியில் காலடி கேட்டது. க்ரெக் ஒரு தட்டைத் தகட்டுத் தாளால் மூடி எடுத்து வந்திருந்தான். முதலில் பிளேடைப் பார்த்தான், அப்புறம் தரையில் தொங்கிய நாடாவை.

"ஒரிஜினலையா வெட்டுறே? உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? அது என்ன பொருள்னு தெரியுமா உனக்கு?"

கோலின் என்ன செய்யப்போகிறான் என்பதை அவள் சொன்னாள். க்ரெக்குக்கு அது தெரிந்திருந்தது. நல்ல யோசனை என்றுதான் நினைத்திருந்தான். அப்பாவைப் பற்றி நாலு பேர் நல்லதாகப் பேசினால் இவளுக்கு ஏன் பொறுக்கவில்லை என்று கேட்டான்.

அவள் பொத்தானை அழுத்தினாள். கிட்டார் தடுமாறி நின்றது. பிறகு ஒரு பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் அந்தக் குரல் வந்தது.

"திரும்ப. மூக்கை விட்டுட்டு வாயால பாடு, ரேமண்ட்."

மறுபடி கிட்டார். மறுபடி நின்றது.

"திரும்ப. அவசரம் ஒண்ணும் இல்ல, ஆனா உங்கம்மா வந்து மேல காத்துக்கிட்டு ரொம்ப நேரமாச்சு."

க்ரெக் கையிலிருந்த தட்டோடு கடைசிப் படியில் உட்கார்ந்தான். சாதாரணமாக எந்த மௌனத்தையும் ஒரு வேடிக்கை சொல்லி மூடிவிடுகிறவன் அவன். இப்போது தட்டின் மேலிருந்த தகட்டுத் தாளை விரலால் நீவிக்கொண்டே இருந்தான்.

"என் பையனைவிடச் சின்னவரா இருக்காரு," என்றான் கடைசியில்.

"ஆமா."

"நாளைக்கு அவங்க கேட்டா என்ன சொல்றது?"

"சுத்தம் பண்ணிக் கொடுத்திருக்கோம்னு சொல்லு. அப்பா எல்லாருக்கும் பண்ணினதுதான்."

தட்டைப் படியில் வைத்துவிட்டு அவன் எழுந்து வந்தான். சுருளிலிருந்து வெள்ளை நாடாவைச் சின்னத் துண்டுகளாகக் கத்தரித்து மேசை விளிம்பில் வரிசையாகத் தொங்கவிட்டான். சீராகக் கத்தரிக்க அவனுக்கு வராது. அவள் அவற்றையே எடுத்து ஒட்டினாள்.

கடைசிச் சுருளுக்கு வந்தபோது நேரம் இல்லை, நிலையத்தைத் திறந்திருப்பார்கள். ஓட விட்டுக் கேட்காமல், சுருளைக் கையால் முன்னும் பின்னுமாக ஆட்டி, பேச்சு உறுமலாகக் கேட்கும் இடங்களை மட்டும் கண்டுபிடித்து வெட்டினாள். அந்தத் துண்டுகளில் அப்பா என்ன சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பூசையில் பாதிரியார், திறமைகளை மண்ணில் புதைத்துவைத்த வேலைக்காரனின் கதையைச் சொல்லி, அதை எப்படியோ ரே டாலனில் கொண்டுவந்து முடித்தார். கல்லறையில் ஏரிக்காற்று அவருடைய புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிவிட்டதால் அங்கே ஜெபம் சுருக்கமாக முடிந்தது. பிறகு கோயில் கூடத்தில் சாப்பாடு: பன்றித்தொடை இறைச்சி, முட்டை, வெண்ணெயில் வெங்காயம் வதக்கிப் போட்ட பியெரோகிக் கொழுக்கட்டை. ரே எதையும் தொடவில்லை. மற்றவர்கள் அவனோடு படம் எடுத்துக்கொள்வதற்காகத் தங்கள் தட்டுகளை ஆறவிட்டார்கள். ஸ்டெல்லா அத்தை மட்டும் அவன் முன்னால் இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பெர்னடெட் நாடாப் பெட்டியைக் கோலினிடம் கொடுத்தாள். அவன் மேல்சுருளை வெளியே எடுத்தவுடனேயே அதன் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த கோடுகளைக் கண்டுகொண்டான்.

"இது… யாரு வெட்டினது?"

"நான்தான். பாட்டு எல்லாம் முழுசா இருக்கு. தட்டு அடிக்க அனுப்புற டேப் இப்படித்தான் இருக்கணும்."

"அந்தப் பேச்செல்லாம்?"

"அது பாட்டு இல்லையே."

கோலின் க்ரெக்கைப் பார்த்தான். க்ரெக் தன் வாழ்நாளில் எத்தனையோ பேருக்குக் கார் விற்ற முகத்தோடு, சுத்தம் பண்ணிக் கொடுப்பதுதான் எங்கள் குடும்பத்தில் வழக்கம் என்றான். கோலினுக்கு வாய் திறந்தபடி இருந்தது. அறுபது வருடத்துச் சொத்தைச் சவரம் செய்கிற பிளேடால் வெட்டியவளை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தொலைபேசி பேச வெளியே போனான்.

கோட்டு மாட்டுகிற இடத்தில் ரே அவளிடம் வந்தான். கண்ணாடியைக் கழற்றியிருந்தான். கண்கள் அவன் அம்மாவுடையவை. இறைச்சிக் கடையில் எடையை நம்பாமல் பார்க்கும் கண்கள்.

"பெர்னி, நீ எல்லாத்தையும் கேட்டியா?" என்றான். "அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம். கடைசி நாள், கடைசிப் பாட்டு. அப்ப ஏதோ சொன்னாரு. அது இருந்துச்சா?"

கடைசிச் சுருளை அவள் கேட்கவில்லை. அவனிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக அவளுக்குப் படவில்லை. அரங்கம் அரங்கமாகக் கைதட்டு வாங்கியவனுக்கு, ஒரு மின்பணியாளரின் ஒரு வார்த்தையும் வேண்டியிருந்தது. வேறு வழியில்லை என்றால் அதைப் பொய்யாகச் செய்தாவது வாங்கிக்கொள்ளப் பார்த்தான்.

"அப்பா அப்படிப் பேசுறவர் இல்ல," என்றாள்.

அவன் தலையாட்டினான். கோட்டின் கையைத் தேடி அவன் தடவிக்கொண்டிருந்தபோது அவள் உதவவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டுவிட்டு நிலவறைக்கு இறங்கினாள். சின்னச் சுருளின் பெரும்பகுதி முந்தின நாள் கேட்டதுதான். அதை வேகமாக ஓட்டிக் கடைசித் துண்டுகளுக்கு வந்தாள். விரலைப் பொத்தானில் வைத்தபடி சற்று நின்றாள். சொல்லியிருந்தால்? அவன் சொன்னதுதான் உண்மையாக இருந்தால்? அந்த ஊதாக் கண்ணாடிக்கு அவர் உண்மையிலேயே அந்த ஒரு வார்த்தையைக் கொடுத்திருந்தால்?

அழுத்தினாள்.

"திரும்ப," என்றார் அப்பா. ஒட்டு தாண்டியது. "திரும்ப." ஒட்டு. "ரேமண்ட், அந்தத் தந்தியைச் சுருதி சேர்த்துட்டு வா." ஒட்டு. கடைசித் துண்டில் முதலில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு அப்பாவின் குரல் தூரமாகப் போயிற்று. அவர் தன் பேச்சுப் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டு, பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுக்காரியின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

"என்ன பெர்னி? தேறுவானா?"

பதில் இல்லை. நாடா வெறும் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது.

பெர்னடெட் அன்று செய்ததைப் போலவே மூக்கைச் சுருக்கி, கண்களை இடுக்கி, நாக்கை வெளியே நீட்டினாள்.

அப்பா சிரித்தார்.